தூண்டில்காரனுக்குக் கோட்டு மாட்டாதீங்க

ஏப்பா மருமகனுகளா, கருமாதிக்குப் பிளக்ஸ் அடிக்கிறீங்க, அடிங்க. தாய்மாமன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அடிச்சிருக்கலாம். ஒங்கப்பனுக்கு எவன்டா கோட்டு மாட்டிவிட்டது? கல்யாணத்தன்னைக்கே சட்டைக்குக் கழுத்துப் பொத்தான் போட மாட்டேன்னு முரண்டு பிடிச்ச ஆளு. செத்ததுக்கப்புறம் கம்ப்யூட்டர்ல போட்டு அமுக்கி டை கட்டிட்டீங்க. கீழ வேற, "குடும்பத்துக்காக ஓய்வறியாது உழைத்த உத்தமர்". உழைச்சான், இல்லைங்கல. ஓய்வறியாமயா? கண்மாய்க்கரைக் கருவ மரத்தைக் கேளுங்க, சாட்சி சொல்லும்.

கூடப் பிறந்தவளுக ரெண்டு பேரையும் கட்டிக்கொடுத்தான். கடன வாங்கி ஒங்களக் காலேஜுக்கு அனுப்பி, அந்தக் கடனையும் தானே அடைச்சான். எந்தங்கச்சி கண்ணுல தண்ணி வந்ததெல்லாம் மீன் குழம்புக்கு வெங்காயம் உரிச்சப்பத்தான். இதெல்லாம் எழுதுங்க. அதோட, அவ காப்பித்தூள் டப்பா எத்தனை காணாமப் போச்சு, எல்லாத்துலயும் மண்புழு இருந்துச்சுங்கறதையும் எழுதுங்க. உத்தமர்னு போட்டா ஊர்ல யாருன்னு தெரியாது. புழு டப்பாக்காரர்னு போடுங்க, பச்சப்புள்ளகூட அடையாளம் சொல்லும்.

தமிழ்நாட்டுல ஏரி, கண்மாய் 39,000-க்கு மேல இருக்காம், சர்க்கார் கணக்கு. நம்மூருக் கண்மாய் ஒண்ணு போதும்னு குத்தவச்சு உக்காந்தவன் அவன். மூங்கில் கம்பு, தங்கூசி நரம்பு, தக்கைக்கு மயிலிறகுத் தண்டு. மாசியில தண்ணி வத்தி, வெள்ளைத் துண்ட வீசி மீன்பிடித் திருவிழா ஆரம்பிச்சா, ஊரே கச்சாவும் ஊத்தாவுமா சேத்துல விழுந்து புரளும். இவன் மட்டும் கரையில நிப்பான். "மச்சான், இது மீன் பிடிக்கிறது இல்ல, மீன் பொறுக்குறது"ம்பான். ஆனா ஒங்களத் தோள்ல தூக்கி வச்சு வேடிக்கை காட்டத் தவறமாட்டான். ஒங்களுக்கு ஞாபகம் இருக்காது, மேல உக்காந்து அவன் சட்டையை நனைச்சதும்.

மீன்பாசிக் குத்தகை எடுத்தவன் ஒருதடவை பஞ்சாயத்துக்கு இழுத்துட்டான். ஒங்கப்பன் நின்ன நிலையில ஒரு சட்டம் பேசினான் பாருங்க, வக்கீல் தோத்தான். "கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விட்டது நீ. அது ஒனக்கு. விராலும் கெளுத்தியும் மழைத்தண்ணியோட தானா ஏறி வந்தது. அதை விட்டது வருண பகவான். அவன் வந்து கேக்கட்டும், குடுத்துர்றேன்." பஞ்சாயத்துச் சிரிப்பிலேயே கலைஞ்சுபோச்சு. அதே குத்தகைக்காரன்தான் எழவன்னைக்கு முதல் மாலையோட வந்தான், கவனிச்சீங்களா?

மீன் மாட்டாத நாளும் உண்டு. அந்த நாள்ல ராமநாதபுரம் பக்கமிருந்து வண்டியில பெட்டி கட்டி வர்ற மீன்காரன மடக்கி, வாங்குனத ஈரத்துண்டுல முடிஞ்சு, தூண்டிலோட வீட்டுக்குள்ள நுழைவான். வீரன் திரும்பின தோரணை. ஒருநாள் அவசரத்துல நெத்திலியை வாங்கிட்டுப் போயிட்டான். கண்மாயில நெத்திலி பிடிச்ச ஒரே மனுசன் இந்தச் சிவகங்கைச் சீமையிலேயே ஒங்கப்பன்தான். எந்தங்கச்சி என்ன கேட்டாங்குறீங்க? ஒண்ணும் கேக்கல. ஆஞ்சு, அலசி, குழம்பு வச்சு, "இன்னைக்கு நல்ல வேட்டைபோல"ன்னு எல போட்டா. கடல் வாடை எனக்கே மூக்கைத் துளைச்சுச்சு.

விரால் சங்கதியச் சொன்னா நம்ப மாட்டீங்க. தெலங்கானாக்காரன் 2016-ல அதை மாநில மீனா ஆக்குனான், ஒங்கப்பன் அதுக்கு முன்னாலயே குலதெய்வமா ஆக்கிட்டான். மழைக்கு முட்டை பொரிஞ்சு, குஞ்சுக செவசெவன்னு ஒரே திரளா மேல வந்து வந்து காத்துக் குடிக்கும். அடியில தகப்பன் விரால் காவல் நிக்கும். கிட்ட எது போனாலும் பாய்ஞ்சு கடிக்கும். அந்த நேரத்துல ஒரு தவளைக்குஞ்சக் கோத்து வீசுனா போதும், கோவத்துல தானா வந்து மாட்டும். தூண்டில் பிடிச்சவனுக்கெல்லாம் தெரிஞ்ச வித்தை இது. ஒங்கப்பன் அந்தத் திரளைக் கண்டா கம்பச் சுருட்டிக்கிட்டு அடுத்த மடைக்கு நடையக் கட்டிருவான். "புள்ளகுட்டிக்காரன் மச்சான், விடு"ம்பான். நான் விடல. வீசுனேன், மாட்டுச்சு, சமைச்சோம். பிரமாதமான ருசி. அவன் மட்டும் அன்னைக்கு மோர் ஊத்திச் சாப்பிட்டுட்டு எந்திரிச்சுட்டான். இதைப் பிளக்ஸ்ல போடச் சொல்லல. போட்டா எம் பேருதான் கெடும்.

இப்ப அந்தத் தூண்டிலக் கண்ணாடிப் பெட்டியில வச்சு மாலை போடப்போறதாச் சின்னவன் சொல்றான். போடாதடா. வெறும் மாலை மாட்டிக்கிட்டு அது என்ன பண்ணும்? எங்கிட்டக் குடு, எனக்கு வயசாயிருச்சு, உக்காந்து பிடிக்கிற வேலைதான் தோது. கேக்குறதுக்குக் கூச்சமா இருந்துச்சு, அதான் இவ்வளவு நேரம் பேசுனேன்.

அப்புறம் படையலுக்கு மீன் குழம்பு வைக்காம இருந்துராதீங்க. விரால் கிடைக்கலன்னா நெத்திலி போதும். ஆனா கடையில வாங்குனதுன்னு சொல்லிராதீங்க, கண்மாயில பிடிச்சதுன்னே சொல்லிப் படைங்க. எந்தங்கச்சி இத்தனை வருசமா நம்புற மாதிரி நடிச்சால்ல? இனி அவன் நடிக்கட்டும்.