எத்தனை பக்கம்?

"சார், நல்ல புக்கா ஒண்ணு சொல்லுங்களேன். எடுத்தா கீழ வைக்கவே மனசு வரக்கூடாது."

கீழே வைக்க முதலில் எடுக்க வேண்டுமே.

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சியில் மற்றவர்கள் அட்டையைப் பார்ப்பார்கள், விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். இப்படிக் கேட்கும் இவர் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போவார். பக்க எண்ணின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, கண்ணை மேலே செருகி, உதட்டுக்குள் கணக்குப் போடுவார். நாளைக்குப் பத்துப் பக்கம், ஞாயிறு லீவு, மாமியார் வந்தால் அந்த வாரம் போச்சு. கணக்கு உதைத்தால் புத்தகம் அடுக்குக்குத் திரும்பிவிடும். அதுவும் வேறு அடுக்குக்கு.

சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' நீட்டினேன். குறுநாவல். ஒரு பிற்பகல் ஜல்லிக்கட்டு, அவ்வளவுதான் கதை; படிக்கவும் ஒரு பிற்பகல் போதும். கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இதைத்தானே சார் வெற்றிமாறன் படமா எடுக்கப்போறாரு? தியேட்டர்லயே பாத்துக்கறேன்."

குறுந்தொகை? பாட்டுக்கு நாலிலிருந்து எட்டு அடிதான். உரையோடு சேர்த்தால் நீளமாம். தேவனின் 'துப்பறியும் சாம்பு'? "தனித்தனிக் கதை. இஷ்டப்பட்டதை மட்டும் படிங்க" என்றேன். "மொத்தம் எத்தனை பக்கம்? ஆரம்பிச்சா முடிச்சாகணும் சார். பாதியில விட்டா எனக்குத் தூக்கம் வராது." எதையும் ஆரம்பிப்பதில்லை, நன்றாகத் தூங்குகிறார்.

ஒருமுறை பஸ் ஸ்டாண்டு கடையில் ராஜேஷ்குமார் நாவல் ஒன்றை வாங்கியே கொடுத்துவிட்டேன். எவ்வளவோ ரயில் பயணங்களைக் கடத்திவிட்ட மனிதர், இவரையும் கடத்திவிடுவார் என்ற நம்பிக்கை. பழக்க தோஷம், கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். எண்ணுக்கு மேலேயே கொலைகாரனின் பெயர். "யாருன்னு தெரிஞ்சுபோச்சே. இனிமே எதுக்கு சார்?"

கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதினார். ஒவ்வொரு வாரமும் யாரையாவது ஆபத்தில் நிறுத்திவிட்டுப் போவார். ஜனங்கள் அடுத்த இதழுக்குக் காத்துக் கிடந்தார்கள். நீங்களும் அதே மாதிரி வாராவாரம் கொஞ்சம் படியுங்களேன் என்றேன். கண் மேலே போயிற்று. "மூணரை வருஷமா!" என்று அலறினார்.

ராத்திரி முழுக்க ஒரு வெப் சீரிஸின் எட்டு எபிசோடையும் பார்த்துவிட்டுச் சிவந்த கண்ணோடு வந்து, "எனக்குக் கவனமே நிக்க மாட்டேங்குது சார்" என்பவரும் இவரேதான். படிக்கப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். யாரும் அபராதம் போடப்போவதில்லை. என் அரை நாளைத் தின்றுவிட்டு, "சார் சொன்னது எதுவும் விறுவிறுப்பா இல்ல" என்று ஊரெல்லாம் சொல்வதுதான் பொறுக்கவில்லை.

இந்த வருஷமும் வெறுங்கையோடுதான் வெளியே வந்தோம். ரோட்டோரம் மிளகாய் பஜ்ஜி வாங்கினார். தின்று முடித்தும் காகிதத்தைப் போடவில்லை. எண்ணெய் ஊறிய பழைய செய்தித்தாள்; ஏதோ நகைத் திருட்டு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வரிவரியாகப் படித்தார். திருடன் மாடியேறும் இடத்தில் தாள் கிழிந்திருந்தது. திருப்பிப் பார்த்தார், கண்ணீர் அஞ்சலி விளம்பரம். விறுவிறுவென்று கடைக்குத் திரும்பிப் போய்க் காகிதத்தை நீட்டினார்.

"அண்ணே, இதோட மீதி இருக்கா?"

கடைக்காரர் அதிலேயே இன்னும் இரண்டு பஜ்ஜி வைத்துக் கொடுத்தார்.