சர்வீஸ் எச்சவியல்

முடியாமல் நிற்பது எச்சம். முடிக்கும் சொல்லை எதிர்நோக்கி வாக்கியத்தில் நிற்பது இலக்கண எச்சம். முடுக்கும் கையை எதிர்நோக்கிக் காரில் நிற்பது சர்வீஸ் எச்சம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கடைசி இயலுக்கு எச்சவியல் என்று பெயர். அதில் எச்சம் பத்து வகைப்படும். கார் டீலர்களின் சர்வீஸ் சென்டரிலிருந்து வெளிவரும் வண்டிகளில் காணப்படும் குறைகளும் அதே பத்துதான். இது தற்செயல் என்பர் ஒரு சாரார். தொல்காப்பியர் காலத்தில் கார் ஓடியதற்கு இதுவே அகச்சான்று என்பர் மறுசாரார். முதல் சாராரைக் கருத்தரங்குகளுக்கு அழைப்பதில்லை.

இத்துறையின் மூலபாடம் ஜாப் கார்டு. வண்டியை விடும்போது சொல்லும் குறைகளை சர்வீஸ் அட்வைசர் அதில் 'கஸ்டமர் வாய்ஸ்' என்ற பகுதியில் எழுதிக்கொள்வார். வெள்ளைப் பிரதி வாடிக்கையாளருக்கு. மஞ்சள் பிரதி ஒர்க் ஷாப்புக்கு. சொல்லதிகாரத்துக்கு இளம்பூரணர், சேனாவரையர், தெய்வச்சிலையார், நச்சினார்க்கினியர், கல்லாடர் ஆகிய ஐவர் உரை உண்டு. அவற்றுள் கல்லாடர் உரை முழுதும் கிடைக்கவில்லை. ஜாப் கார்டுக்கு அட்வைசர், சூப்பர்வைசர், டெக்னீஷியன், பில் போடுபவர் என நால்வர் உரை உண்டு. எவருடையதும் முழுதாகக் கிடைத்ததில்லை.

இனி வகைகள்.

பிரிநிலை எச்சம், கழற்றியபின் திரும்ப மாட்டப்படாதது. பம்பருக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் தகட்டை எட்டு கிளிப் தாங்கினால், சர்வீஸுக்குப் பின் ஐந்து தாங்கும். மற்ற மூன்று எங்கே என்பது ஆய்வுக்குரியது. சில வண்டிகளில் கியர் அருகே தண்ணீர் பாட்டில் வைக்கும் குழியில் போல்ட் ஒன்று கிடக்கும். அது எந்த வண்டியின் போல்ட் என்பதும் ஆய்வுக்குரியது.

வினையெச்சம், 'கழற்றி, துடைத்து, வைத்து' என்று வந்து முற்றுவினை இல்லாமல் நிற்பது. சக்கர நட்டுகளை இத்தனை விசையில்தான் முடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு காரின் கையேட்டிலும் அளவு உண்டு. சிறிய கார்கள் பலவற்றுக்கு அது ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர். அளந்து முடுக்க டார்க் ரென்ச் என்ற கருவி வேண்டும். அது பெரும்பாலும் சுவரில் மாட்டியிருக்கும். கையில் இருப்பது காற்றழுத்தத் துப்பாக்கி. அது 'டர்ர்ர்' என்று முடுக்கித் தள்ளிய நட்டை, பின்பொருநாள் நெடுஞ்சாலையில் பஞ்சரானவர் டிக்கியில் உள்ள ஸ்பேனரின்மேல் ஏறிக் குதித்தாலும் அசைக்க முடியாது. ஆயில் இறக்கும் போல்ட்டுக்கும் இதே கதைதான். அதன் வாஷரைப் பல கார்களில் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். பழையதையே போட்டு, கசியாமலிருக்க இன்னும் ஒரு சுற்று இறுக்கினால், அலுமினியச் சம்ப்பின் மரை போய்விடும். குறைவினை, மிகைவினை இரண்டும் வினையெச்சத்துள் அடங்கும்.

பெயரெச்சம், பெயரைக் கொண்டு முடிய வேண்டியது. பில்லில் 'மாற்றிய' என்பது இருக்கும். அது தழுவ வேண்டிய 'ஏசி ஃபில்டர்' என்ற பெயர்ச்சொல் வண்டியில் இராது. டேஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தால் போன வருடத்து வேப்பிலையோடு பழைய ஃபில்டர் அப்படியே இருக்கும்.

ஒழியிசை எச்சம், கதவைப் பிரித்து மாட்டியபின் இடது ஸ்பீக்கர் ஒழிந்துபோவது.

எதிர்மறை எச்சம், 'நோ ப்ராப்ளம் ஃபவுண்ட்' என்று எழுதித் தருவது.

உம்மை எச்சம் செலவு பிடித்தது. "பேட்டரியும் வீக்கா இருக்கு சார். வைப்பரும் போயிடுச்சு. டீகார்பனைசிங்கும் பண்ணிட்டா நல்லது." ஒவ்வொரு 'உம்'முக்கும் தனிக் கூலி, கூலிக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டியும்.

என எச்சம், பிறர் கூற்றின்மேல் ஏறி வருவது. "லீக் எல்லாம் இல்லைன்னு டெக்னீஷியன் சொல்றார் சார்." அந்த டெக்னீஷியனை வாடிக்கையாளர் கண்டதில்லை. மேற்கோள்களால் மட்டுமே அறியப்படும் தமிழ் நூல்கள் பல உண்டு; மயிலை சீனி. வேங்கடசாமி அவற்றைத் தொகுத்து 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்றே ஒரு புத்தகம் எழுதினார். மறைந்துபோன டெக்னீஷியன்களுக்கு அப்படியொரு நூல் இன்னும் வரவில்லை.

சொல்லெச்சம், வண்டி லிஃப்டில் தொங்கும்போது போனில் சொல்லப்படும் 'ரெடி'.

குறிப்பெச்சம், "கம்பெனியிலேர்ந்து போன் வரும் சார், பாத்துக்குங்க" என்பது. பத்துக்குப் பத்து போட வேண்டும் என்பது குறிப்பால் பெறப்படும்.

இறுதியானது இசையெச்சம். எந்தச் சத்தத்துக்காக வண்டி விடப்பட்டதோ அது சர்வீஸுக்குப் பின்னும் எஞ்சுவது. அறிஞருலகில் மிகுந்த சண்டை மூட்டியது இதுவே.

சண்டைக்கு மூலம் ஒரு காரின் ஜாப் கார்டில் உள்ள பாடபேதம். வெள்ளைப் பிரதியில் 'இடது முன்பக்கம் சத்தம்' என்றிருக்கிறது. மஞ்சள் பிரதியில் 'இடது முன்பக்கம் சுத்தம்' என்று காணப்படுகிறது (மஞ்சள் பிரதி, கஸ்டமர் வாய்ஸ், வரி 2). ஒர்க் ஷாப் மஞ்சள் பிரதியைப் பின்பற்றியது. வண்டியின் இடது முன்பக்கம் பளபளவென்று கழுவப்பட்டது. மற்ற மூன்று பக்கமும் வந்த தூசியோடு போயின.

சகரத்தின் காலடியில் உள்ளது உகரக் குறி என்பர் உகரவாதிகள். அது கிரீஸ் என்பர் கிரீஸ்வாதிகள். இரண்டாம் வரியில் கிரீஸ் பட்டிருந்தால் மூன்றாம் வரியிலும் பட்டிருக்க வேண்டுமே என்பது உகரவாதிகளின் தடை. மூன்றாம் வரியே இல்லையே என்பது விடை (மஞ்சள் பிரதி, பின்பக்கம், கட்டைவிரல் ரேகைக்கு இடப்புறம்). நடுநிலையாளர் ஒருவர் 'சுத்தமான சத்தம்' என்று கொண்டு இரு கட்சியையும் வாழ்த்தினார்; இரு கட்சியும் அவரை நூலோர் அல்லர் என்று ஒதுக்கின.

அடுத்து மஞ்சள் பிரதியில் உள்ள டீக்கறை. அதன் விளிம்பு கெட்டியாக இருப்பதால் 11 மணி டீ என்று ஒரு கணிப்பும், பஜ்ஜி எண்ணெய் கலந்திருப்பதால் 4 மணி டீ என்று ஒரு கணிப்பும் உண்டு (மேற்படி பிரதி, மேற்படி கறை, வெயிலுக்கு நேரே பிடித்துச் சற்றுச் சாய்த்துப் பார்த்தது). 11 மணி டீயானால் உகரக் குறி அட்வைசருடையது. 4 மணி டீயானால் அது இடைச்செருகல். தொலைவில் கிடக்கும் சொற்களை இழுத்துக் கூட்டிப் பொருள் காண்பதற்கு 'மாட்டு' என்று பெயர். முல்லைப்பாட்டில் நச்சினார்க்கினியர் அப்படிச் செய்ததை மறைமலையடிகள் மறுத்தார். இங்கோ இரண்டாம் வரிச் சத்தத்தையும் பில்லின் அடியில் உள்ள 'ஃபோம் வாஷ்' என்பதையும் மாட்டிய பெருமை பில் போட்டவரைச் சேரும். மறுக்க ஆளில்லை. மூலப் பிரதியை நேரில் பார்த்தவர் எவரும் இவ்விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை. ஆய்வுத் துறைக்கு இது புதிதுமன்று.

இவ்வளவுக்கும் அந்தச் சத்தம் இன்னும் இருக்கிறது. ஸ்பீடு பிரேக்கரில் ஒரு சக்கரம் மட்டும் மெதுவாக ஏறி இறங்கும்போது 'டொக் டொக்' என்று கேட்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது லிங்க் ராட். இருபுறச் சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியை சஸ்பென்ஷனோடு பிணைப்பது அது. இரு முனையிலும் பந்து மூட்டு உண்டு. மூட்டு தேய்ந்தால் ஆடும், ஆடினால் தட்டும். சர்வீஸ் சென்டர் வளாகத்துச் சிமென்ட் தரையில் ஓட்டிப் பார்த்தால் அது கேட்காது. ஆகவே எதிர்மறை எச்சம் எழுதித் தரப்படும். அட்வைசரைப் பக்கத்தில் உட்காரவைத்து, மேடும் பள்ளமுமான தெருவில் ஒரு சுற்று போய்வந்தால் பாடபேதம் தீர்ந்துவிடும். பாகத்தை மாற்ற இரண்டு நட்டுகளைக் கழற்ற வேண்டும். பிறகு அந்த இரண்டையும் முடுக்கவும் வேண்டும். பத்து எச்சங்களும் பிறக்கும் இடம் இந்த 'பிறகு'தான்.

புறனடை. மேற்கூறிய பத்தில் அடங்காதவற்றையும் வந்துழி ஒட்டிக் கொள்க. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11) இவையனைத்தையும் 'சேவைக் குறைபாடு' என்ற ஒரே வகையில் அடக்கிவிட்டது. அதை எழுதியவர்கள் இலக்கணிகள் அல்லர். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டால் கட்டணம் இல்லை. மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்க வேண்டும். ஜாப் கார்டு எழுதி முடித்ததும், கையெழுத்துப் போடுமுன், இரண்டாம் வரியை ஒருமுறை உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பிரதியைத் தொலைத்தவர் சொல்வது பாடபேதமாகக்கூடக் கொள்ளப்படாது.