ஏரியா எப்படி?

"வாசல்ல சோபா கிடக்கு பாத்தியா? சோபா வெளிய வந்துட்டா அந்தத் தெரு அவ்வளவுதான்."

கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட் பக்கம் எந்த வீட்டுக் கொலுவுக்குப் போனாலும் இவர் இருப்பார். ஒரு கையில் சுண்டல் கிண்ணம், மடியில் லேப்டாப், அதில் ஒஹையோ மாநிலத்துத் தெரு ஒன்று. ஃப்ரீமான்ட்டில் தனி வீடு பத்து லட்சம் டாலரைத் தாண்டி வெகுகாலமாகிறது. அதனால் முதலீட்டுக்கு ஒஹையோவின் கிளீவ்லாந்து. லட்சம் டாலருக்கு வீடு, மாதம் ஆயிரம் டாலர் வாடகை. விலையில் ஒரு சதவீதம் மாத வாடகையாக வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்பது இந்த வட்டாரத்து வேதவாக்கு. அந்தக் கணக்கை இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவார். மீதி ராத்திரி முழுக்க ஏரியா பார்ப்பார்.

ஃப்ளைட் ஏறிப் போய்ப் பார்ப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். கூகுள் மேப்பின் மூலையில் நிற்கும் மஞ்சள் பொம்மையைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கித் தெருவில் இறக்கிவிடுவார். பொம்மை வீடு வீடாகப் போகும். புல் வெட்டியிருக்கிறதா? ஜன்னலுக்குப் பலகை அடித்திருக்கிறதா? குப்பைத் தொட்டியை உள்ளே எடுத்து வைத்தார்களா? மூலைக்கடையில் 'செக் மாற்றித் தரப்படும்' என்று எழுதியிருந்தால் முகம் சுருங்கும். காபிக்கடை கண்ணில் பட்டால் மலர்ந்துவிடும்.

தெருவில் யாராவது நின்றால் தொலைந்தோம். கூகுள்காரன் முகத்தை மங்கலாக்கியிருப்பான். அந்த முகமில்லாத மனிதரின் குணநலனை இவர் அரை மணி நேரம் ஆராய்வார். "கையில பை வெச்சிருக்காரு. வேலைக்குப் போறவருதான்." "ஏன், வேலை போனவரா இருக்கக் கூடாதா?" என்று ஒருமுறை கேட்டுவைத்தேன். பொம்மையைப் பின்னால் நகர்த்தி, பையைப் பெரிதாக்கி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பழைய படங்களைப் புரட்டும் வசதி வேறு இருக்கிறது. 2009-ல் ஒரு திண்ணையில் பாட்டி உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் பூத்தொட்டி. 2014-ல் தொட்டி மட்டும். அடுத்த படத்தில் அதுவும் இல்லை. இவர் சுண்டலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். "பாவம், போயிட்டாங்க போலிருக்கு" என்றார். உண்மையாகவே குரல் கம்மியிருந்தது. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "அப்ப அந்த வீடும் விலைக்கு வந்திருக்கும்ல?" என்றார் அடுத்த மூச்சில்.

அங்கே விடிந்து கடை திறந்ததும், இங்கே ஆறு மணிக்கெல்லாம் தரகருக்கு ஃபோன் போடுவார். "ஏரியா எப்படி? எந்த மாதிரி ஆளுங்க இருக்காங்க?" தரகர் வழுக்குவார். இனம், நிறம், மதம் பார்த்து வாங்குபவரை ஒரு பேட்டைக்கு இழுப்பதும் இன்னொன்றிலிருந்து விரட்டுவதும் 1968-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். போலீஸ் புள்ளிவிவரத்தைப் பாருங்கள், பள்ளிக்கூட மதிப்பெண்ணைப் பாருங்கள் என்று சொல்லி நழுவிவிடுவார். "சொல்ல மாட்டேங்கிறான். அப்ப ஏதோ இருக்கு" என்று இவர் நம்மைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். 'இது சி ப்ளஸ் ஏரியா' என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறாரே, இப்படித் தெருக்களுக்கு ஏ, பி, சி, டி போடும் வேலையை 1930-களில் அமெரிக்க அரசாங்கமே செய்தது. கிளீவ்லாந்துக்கும் அப்படி ஒரு வரைபடம் உண்டு. டி என்றால் சிவப்பு. கறுப்பர்கள் வாழ்ந்த பேட்டைகள் அநேகமாகச் சிவப்புக்குள்தான் விழுந்தன. அந்த மாதிரிப் பேட்டைகளுக்கு வீட்டுக்கடன் பல பத்தாண்டுகள் எட்டாமலே போயிற்று. சென்னையில் பேச்சிலராக வீடு தேடிய காலத்தில் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்ட வீட்டுக்காரரை இவர் இன்றைக்கும் வைவார். அந்தக் கேள்வியை மட்டும் பத்திரமாகப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்.

இத்தனைக்கும் கிளீவ்லாந்துக்குப் போகாதவர் இல்லை. அங்கே 1978-லிருந்து நடக்கும் தியாகராஜ ஆராதனைக்கு, மகளைப் போட்டியில் பாட வைக்க ஈஸ்டர் சமயத்தில் குடும்பத்தோடு போவார். அங்கே ஏற்கெனவே வாங்கிப் போட்ட வீடு சபையிலிருந்து காரில் பதினைந்து நிமிஷம். போய்ப் பார்த்தீர்களா என்றால், காலையில் போட்டியாம், சாயங்காலம் கச்சேரியாம், நடுவில் சாப்பாட்டு வரிசையாம்.

வாடகையில் பத்து சதவீதம் வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனியையும் நிறுத்திவிட்டார். "ஃபோன்லயே பாத்துக்கலாம்." ஆனால் 2024-ல் கிளீவ்லாந்து மாநகராட்சி ஒரு சட்டம் கொண்டுவந்தது. தூரத்தில் இருந்துகொண்டு வீட்டை வாடகைக்கு விடுபவர்கள், உள்ளூரில் பொறுப்பேற்க ஓர் ஆளைக் காட்ட வேண்டும். வெளியூர் முதலாளிகள் வாங்கிப் போட்டுவிட்டுக் கவனிக்காத வீடுகளால் ஊர் அவ்வளவு நொந்துபோயிருந்தது. என் மச்சினன் அந்தப் பக்கம் இருப்பதை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். "உங்க மச்சினன் பேரைக் குடுத்துடலாமாப்பா? சும்மா பேருக்குத்தான். அப்படியே ராத்திரி பத்து மணிக்கு ஒரு தடவை அந்தத் தெருவுல கார் ஓட்டிப் பாக்கச் சொல்லு. ஏரியா ராத்திரியிலதான் தெரியும்."

பேர் கொடுக்க மறுத்துவிட்ட மச்சினன், பாவம் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தான். தெரு நன்றாகத்தான் இருக்கிறதாம். குழந்தைகள் விளையாடும் சைக்கிள்கள், வெட்டிய புல். ஒரே ஒரு வீட்டுக் கூரையில் மட்டும் நீலத் தார்ப்பாய், பிய்ந்து தொங்கும் மழைநீர்க் குழாய். பக்கத்து வீட்டுக்காரர் காரை நிறுத்தி, "அந்தக் கலிஃபோர்னியாக்காரனா நீ?" என்று கேட்டிருக்கிறார்.

நாசூக்காகச் சொல்லிப் பார்த்தேன். அவசரமாகப் பொம்மையை இறக்கி, வீட்டின் முன்னால் நிறுத்தி, திரையை என் பக்கம் திருப்பினார்.

"தார்ப்பாயா? எங்க? கூரை பளபளன்னு இருக்கே!"

படத்தின் ஓரத்தில் தேதி போட்டிருந்தது: ஆகஸ்ட் 2019.