குமிழ் திருகலும் முன்வினைப் பயனும்: ஒரு முன்னாய்வு

‘தொடாதீர்’ என்று பலகை மாட்டிய அருங்காட்சியகத்தில் கை தானாக நீளும். ‘தொடலாம்’ என்று எழுதிவிட்டால் அதே கை பேன்ட் பைக்குள் போய்விடும். இது எல்லாரும் அறிந்தது, ஆய்வுக்குரியதன்று. பைக்குள் போன கை வெளியே வந்தபின் நடப்பதே இக்கட்டுரையின் பொருள்.

களங்கள் இரண்டு. ஒன்று, ஸ்விட்சர்லாந்தின் ஃப்ரிபூர் நகரில், கார்டினல் என்ற பழைய பீர் ஆலை வளாகத்தில் இருக்கும் மின்னணு இசைக்கருவி அருங்காட்சியகம். பழைய சிந்தசைசர்களை வாசித்துப் பார்க்கவென்றே அங்கே ஓர் அறை உண்டு. மற்றது, இங்கிலாந்தின் தென்கிழக்குக் கடலோர ஊரான ராம்ஸ்கேட்டில், பழைய மின்கருவிகளைப் பிரித்து மேய்வதில் பேர்போன சாம் பேட்டில் 2021இல் திறந்த கூடம். இவ்விரு இடங்களையும் முன்னிட்டு யாம் வகுத்த நூற்பா வருமாறு:

முன்னவன் திருகிய குமிழின் பயனைப்
பின்னவன் செவியே பெறும்என மொழிப.

இதற்கு உரை. 1970இல் வந்த மினிமோக் சிந்தசைசருக்கு நினைவகம் கிடையாது. நல்ல நாதம் ஒன்று அகப்பட்டால், எந்தக் குமிழ் எங்கே நின்றது என்று தாளில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். வைக்காவிட்டால் போனது போனதுதான். ஆனால் கடைசியாகத் தொட்டவரின் செயல் மட்டும் அழிவதில்லை. அவர் விட்டுப்போன நிலையிலேயே குமிழ்கள் அடுத்தவருக்காகக் காத்திருக்கும்.

முன்னவர் வடிகட்டியின் குமிழை இடக்கோடி வரை திருகி, மேல் சுரங்களையும் அடிச்சுரத்தையும் சேர்த்து அடைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று கொள்க. பின்னவர் கட்டையை அழுத்துகிறார். சத்தமில்லை. ஓங்கி அழுத்துகிறார். அழுத்தத்தின் அளவை அறியும் உறுப்பே மினிமோக்கில் இல்லையாதலால் அதற்கு எல்லாம் ஒன்றுதான். பிறகு அக்கம்பக்கம் பார்க்கிறார், ‘ரிப்பேர் போல’ என்று தீர்ப்பு எழுதிவிட்டு நகர்கிறார். முன்னவரை அவர் சந்தேகிப்பதே இல்லை. பெரியவர்கள் இயந்திரத்தின் மேல் பழி போடுவார்கள். சிறு பிள்ளைகள் கண்ணில் படும் மிகப் பெரிய குமிழைப் பிடித்துத் திருகுவார்கள். முறையியல் என்று பார்த்தால் பிள்ளைகளுடையதே மேல்.

1969இல் லண்டனில் பீட்டர் சினோவீஃப் குழுவினர் உருவாக்கிய விசிஎஸ் 3 இன்னும் வில்லங்கமானது. உடலில் கட்டைகளே கிடையாது. நடுவில் பதினாறுக்குப் பதினாறாக 256 துளைகள், 256 குழியுள்ள பல்லாங்குழி மாதிரி. சோழிக்குப் பதில் ஊசிகள். எந்த ஊசி எந்தக் குழியில் நிற்கிறதோ அதற்கேற்ப உள்ளே மின்னோட்டம் வழி மாறும். முன்வினை இங்கே கண்ணுக்குத் தெரியும்படி குத்தி நிற்கிறது, ஆயினும் படித்தறிவார் சிலரே.

1978இல் டேவ் ஸ்மித்தின் ப்ராஃபெட் 5, நாதங்களை நினைவில் வைக்கத் தொடங்கியது. ஒரு பொத்தானில் முன்னவர் வினை அற்றது. 1983இல் யமஹாவின் டிஎக்ஸ் 7 குமிழ்களையே ஒழித்து, தட்டைப் பொத்தான்களை வைத்தது. ஒழுக்கத்தில் குறை சொல்ல முடியாத கருவி. அதன் முன் எவரும் நெடுநேரம் நிற்பதில்லை என்பது எம் துணிபு.

வினை எல்லாமே தீவினை அல்ல. ரோலண்டின் டிபி 303 என்ற கருவி, பேஸ் கிட்டாருக்கு மாற்றாக வந்து, விலைபோகாமல் 1984இல் நின்றுபோனது. ஃபியூச்சர் என்ற சிகாகோக் குழு அதை ஓடவிட்டபடியே குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்ததில் 1987இல் ஆசிட் ஹவுஸ் என்று ஓர் இசை வகையே பிறந்தது. அதே கருவியை பம்பாயில் சரண்ஜித் சிங் 1982லேயே ராகங்களுக்குப் பழக்கியிருந்தார். அப்போது கேட்டார் அதிகமில்லை.

வினையே ஒட்டாத பொருள் ஒன்றும் உண்டு. அது பழைய தொலைபேசியின் சுழல்தட்டு. விரலை எடுத்ததும் சுருள்வில் அதைத் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்துவிடும். முற்றத் துறந்த முனிவருக்கும் இவ்வளவு வேகம் வராது. ராம்ஸ்கேட்டில் பழைய ஸ்ட்ரோஜர் தொலைபேசி நிலையத்தையும் இயக்கிப் பார்க்கலாம். அல்மன் ஸ்ட்ரோஜர், கான்சஸ் சிட்டியில் ஈமச்சடங்குத் தொழில் நடத்தியவர். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்று சந்தேகப்பட்டு, ஆபரேட்டரே வேண்டாத இணைப்பு முறையைக் கண்டு 1891இல் காப்புரிமை பெற்றார் என்பர். இன்றைய பிள்ளைகள் சுழல்தட்டின் ஓட்டைக்குள் எண்ணை அழுத்திவிட்டு மணியடிக்கக் காத்திருக்கிறார்கள். அவர்கள் வினையும் ஒட்டவில்லை, அழைப்பும் போகவில்லை.

‘மாலையில் பணியாளர் எல்லாக் குமிழையும் நேராக்கி வைத்தால் இந்த ஆய்வே இல்லையே’ என்பது எதிர்தரப்பு. நேர்நிலை என்பது எந்த நாதத்துக்கு? அதை அவர்களே வகுக்கட்டும். ‘ஊரெல்லாம் திருகினால் கருவி கெடாதா’ என்பது அடுத்த வினா. கெடும். தொடாமல் பூட்டி வைத்தாலும் கெடும். குமிழுக்கு அடியிலுள்ள தடத்தில் அழுக்குப் படிந்து கரகரக்கும். நாலு முறை திருகினால் பெரும்பாலும் சரியாகும். மின்சாரமே காணாமல் பல ஆண்டு கிடக்கும் மின்தேக்கிகள் சில, உள்ளிருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் நலிந்து பழுதாவதும் உண்டு. எனவே ஆர்வக்கோளாறில் திருகுபவரையும் பராமரிப்புப் பணியாளராகக் கொள்ளலாம். சம்பளம் கேட்காதவரை.

குமிழ் இருந்தும் நூற்பாவுக்கு அடங்காதது ஒன்றுதான்: சாம் பேட்டில் செய்த மெகாட்ரோன். ஆயிரம் அலையியற்றிகள் ஒரே நேரத்தில் உறுமும். அதில் ஒன்றை ஒருவர் சற்றே திருகிவிட்டுப் போனால், மீதமுள்ளவற்றின் இரைச்சலில் அதைக் கண்டுபிடிக்கச் செவியுள்ளோர் எவருமில்லை. அங்கே மட்டும் முன்னவர்கள் அனைவரும் ஐயத்தின் பலனில் விடுதலை.