நூறு தடவை உரசிப் பார்!

*ஷெல் ஸ்கிரிப்ட் என்பது பெரிய வித்தையா?* (கழுகுமலை வாசகி)

கருப்புத் திரையில் ஒவ்வொன்றாகத் தட்டுகிற கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி, "இதையே நூறு தடவை செய், சாப்பிட்டு வருகிறேன்" என்று கணினியிடம் நீட்டுவது. அவ்வளவுதான்.

*நெட்வொர்க் மென்பொருளை ஒருமுறை சோதித்தால் போதாதா?* (கோவில்பட்டி வாசகர்)

கோவில்பட்டிக்காரர் கேட்கிற கேள்வியா இது? ஒரு குச்சி பற்றியதும் பெட்டி முழுக்கப் பற்றும் என்று எந்தத் தீப்பெட்டி ஆபீஸில் நம்புவார்கள்? நெட்வொர்க்கில் போகிற தகவல் பொட்டலமான பாக்கெட் ஒரு இம்மி முந்தினால் ஒரு விளைவு, பிந்தினால் வேறு. 97 தடவை பாஸாகி 3 தடவை ஃபெயிலாகிற பிழைதான் ஆளைக் கொல்லும். உரசிய குச்சி கரியாகிவிடும். மென்பொருளை எத்தனை தடவையும் உரசலாம். ஃபெயிலானால் பாஸாகும்வரை திரும்ப ஓட்டி, பாஸை மட்டும் எழுதிவைப்பவர்கள் இருக்கிறார்கள். அது சோதனையல்ல, சோசியம்.

*நெட்வொர்க்கைச் சோதிக்க இரண்டு கணினிக்கு எங்கே போவேன்?* (எட்டயபுரம் மாணவி)

ஒன்றே போதும். லினக்ஸில் 'நெட்வொர்க் நேம்ஸ்பேஸ்' இரண்டு உருவாக்கி, நடுவே கற்பனைக் கேபிள் ஒன்றைக் கட்டிவிடலாம். ஒரே வீட்டில் தடுப்பு வைத்து இரண்டு குடித்தனம்! லினக்ஸ் கெர்னலோடு வரும் நெட்வொர்க் சோதனைகள் பலவும் இப்படித்தான் ஓடுகின்றன. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் குடித்தனத்தைக் காலி செய்ய மறக்காதீர்கள். ஸ்கிரிப்ட் பாதியில் செத்தாலும் சுத்தம் செய்ய 'ட்ராப்' கட்டளை இருக்கிறது.

*பூஜ்யம் வாங்கினால் பாஸாமே?* (விளாத்திகுளம் வாசகர்)

ஆமாம். ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஷெல்லிடம் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போகும். வெற்றி ஒரே வகை, அதற்கு 0. தோல்வி பலவகை, அதற்கு மற்ற எண்கள். கெர்னல் சோதனைகளில் 4 வந்தால் 'இங்கே சோதிக்க வசதியில்லை' என்று அர்த்தம். அதைப் பாஸில் சேர்ப்பது, விதைக்காத புஞ்சையை விளைந்த கணக்கில் எழுதுவது.

*என் ஸ்கிரிப்ட் 100-க்கு 100 பாஸ் என்கிறது. கேபிளைப் பிடுங்கினாலும் பாஸ் என்கிறது!* (கோவில்பட்டி பாலிடெக்னிக் மாணவர்)

எதிர்முனையிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் 'பிங்' கட்டளையின் விடையை லாக் கோப்பில் சேர்க்க, 'டீ' கட்டளைக்குக் குழாய் வைத்திருப்பீர்கள். குழாயின் கடைசியில் நிற்பவர் சொல்வதுதான் ஷெல்லுக்குத் தீர்ப்பு. பிங் விழுந்தாலும், எழுதி முடித்த டீ '0, சுகம்' என்று சொல்லிவிட்டுப் போகும். பாஷ் ஷெல்லில், குழாயில் யார் விழுந்தாலும் தோல்வி என்று சொல்லும் 'பைப்ஃபெயில்' வசதியைப் போட்டுவிடுங்கள். இன்னொன்று: லினக்ஸில் பிங்கை எண்ணிக்கை மட்டும் கொடுத்து மூன்று தடவை அனுப்பச் சொன்னால், ஒன்றுக்குப் பதில் வந்தாலும் அதற்கு 0 தான். திருத்தியபின், முதல் வேலையாகக் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஓட்டுங்கள். ஃபெயிலானதா என்று எழுதுங்கள்.