தாராக்கடி முதுசமா, தேடிய தேட்டமா? குடாநாட்டு வளவுகள் சார்ந்த ஓர் ஆய்வு

பாம்புக்கடிக்குப் பார்வை பார்க்கப் பரியாரிமார் இருந்த ஊர் இது. நாய்க்கடிக்கு ஊசி உண்டு. கட்டெறும்புக்கடிக்குத் தேங்காயெண்ணெய் உண்டு. தாராக்கடிக்கு மட்டும் இன்றுவரை சிரிப்பைத் தவிர வேறு மருந்தில்லை. அதையும் கடிபடாதவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் புலமை மரபில் இப்படியொரு வெற்றிடம் இருப்பது அழகன்று.

முதலில் ஆயுதத்தை நோக்குவோம். தாராவுக்குப் பல் இல்லை. அலகின் ஓரங்களில் சீப்புப் போல் வரிசையாக மெல்லிய தகடுகள் உண்டு. சேற்றுத் தண்ணீரை வடித்து இரையை மறிப்பது அவற்றின் வேலை. நுனியில் நகம் போலக் கடினமான ஒரு பகுதி. அலகுக்குள்ளே தொடுகையை உணரும் நுண்ணுறுப்புகள் செறிந்து கிடக்கின்றன. கிரான்றி, ஹேர்ப்ஸ்ற் என்ற உடற்கூற்றாளர் இருவரின் பெயரால் அவற்றை அழைப்பர். கலங்கல் நீரில் கண் உதவாது, அலகுதான் தடவிப் பார்க்க வேண்டும். ஆகவே கிணற்றடியில் குளிப்பவரின் சின்னவிரலைத் தாரா கவ்வும்போது அது முதற்கண் ஒரு விசாரணை: விரலா, நத்தையா? கடிபட்டவர் இவ்விளக்கத்தை ஏற்க மறுப்பது ஆய்வின் குறையன்று.

மருத்துவப் பகுதி சிறியது. தோல் பெரும்பாலும் கிழியாது, கன்றிப்போகும். கிழிந்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஏற்பு ஊசி போட்டுக் கனகாலமாகியிருந்தால் டொக்டரைக் கேட்க வேண்டும். விசர் வரும் என்று பயப்பட வேண்டாம். அந்நோய் பாலூட்டிகளுக்கு உரியது. தாரா விசர் பிடித்ததுபோல ஓடி வருவது வேறு விஷயம்.

இனி மூலக் கேள்வி. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 12 முதலிமார் பார்த்துச் சரியென்ற தேசவழமைச் சட்டம், நம்மவர் சொத்தை முன்னோர் வழி வந்த முதுசம், மணமகளோடு வந்த சீதனம், மணவாழ்வில் ஈட்டிய தேடிய தேட்டம் எனப் பிரிக்கிறது. குணம் பிறப்பால் வருவதா வளர்ப்பால் வருவதா என்று உலகத்து உயிரியலாளர் மல்லுக்கட்டும் கேள்விக்கு இதைவிட வாய்ப்பான சட்டகம் இல்லை. அவர்கள் ஒரு முறை நல்லூர்ப் பக்கம் வந்து கேட்டிருக்கலாம்.

கடி முதுசம் என்பார் உளர். அவர்களைச் சுண்டிக்குளத்துக்கு அனுப்புகிறேன். 1938இல் பறவைகள் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவான இடம் அது. மாரியில் வடதிசையிலிருந்து வரும் ஊசிவால் வாத்துகள் அங்கே இறங்குகின்றன. வீட்டுத் தாராவுக்கு அவை கிட்டிய சொந்தம்; மனிதக் காலைக் கண்டால் கடிக்க வருவதில்லை, எழும்பிப் பறக்கின்றன. கடி சீதனம், அதாவது வாங்கும்போதே கூட வந்தது என்பது இரண்டாம் கட்சி. விற்றவர் எப்போதும் “சோலியில்லாத சாதி” என்றே சொல்லி விற்பதால் இக்கட்சிக்குச் சாட்சியில்லை.

எஞ்சுவது தேடிய தேட்டம். விலங்கு நடத்தை ஆய்வுகளுக்காக 1973இல் நோபல் பரிசு பெற்ற கொன்ராட் லோரன்ஸ் 1935இல் எழுதியது இது: பொரித்த குஞ்சு முதலில் காணும் அசையும் பொருளைத் தாயென்று கொள்ளும். நம்மூரில் தாரா முட்டையை அடைக்கோழிக்கு வைப்பார்கள். 21 நாளில் எழும்ப வேண்டிய கோழி, பாவம், 28 நாள் கிடக்கும். அப்படி வந்த குஞ்சு கோழிக்குப் பின்னால் போகும். பிள்ளைகள் ஆசைப்பட்டுத் தனியே வளர்த்த குஞ்சோ பிள்ளைகளுக்குப் பின்னால் போகும். சில மாதத்தில் ஆணுக்கு வாலில் இறகு சுருளும், குரல் கம்மும், தன்னையும் ஒரு மனிதனாக எண்ணிக்கொள்ளும். விறாந்தையில் தொங்கும் கால்களில் ஒன்று அதற்குப் போட்டியாளன், மற்றது காதலி. எது எதுவென்று கால்களுக்குரியவருக்குத் தெரியாது.

தேட்டத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் சரிபாதி என்பது சட்டம். நம்மைத் துணையாக வரித்துவிட்ட பறவையிடம் அச்சட்டம் செல்லாதென்று எந்த அப்புக்காத்தும் வாதாட முடியாது. எனவே கடி தாராவின் பங்கு. கடிபட்டவுடன் துள்ளி, குழறி, காலை உதறி ஓடுவது வீட்டாரின் பங்கு. அந்த ஓட்டம்தான் தாராவுக்கு வெற்றிச் செய்தி. தும்புத்தடியோடு துரத்தினாலோ சண்டை என்று உறுதிப்படும்.

ஆகையால் பரிகாரம் நம் பாதியில் தொடங்க வேண்டும். கையால் சோறு தீத்தக் கூடாது; சட்டியில் வைக்க வேண்டும். கவ்வினால் கையை இழுக்காமல் நிற்க வேண்டும். ஓடிவந்தால் இரு சிறகுகளையும் சேர்த்து அணைத்துத் தூக்கிக் கக்கத்தில் வைத்து, மூச்சு அடங்கும்வரை பேசாமல் உலாவ வேண்டும். ஓர் ஆணுக்கு நாலைந்து பேடுகள் இருந்தால் நம் கால்களின் கவர்ச்சி தானே குறையும். அடையிலிருக்கும் பேடு சீறினால் அதற்குத் திருத்தம் தேவையில்லை; திரும்பிப் போவதே முறை. “அம்மம்மா, தாரா கடிச்சுப்போட்டுது!” என்று வரும் பிள்ளைக்கு, “நீ ஏன் அதுக்குக் கிட்டப் போனனீ?” என்று கிழவி கேட்பது இவ்வாய்வின் முடிபை முன்கூட்டியே கண்டதாகும்.

இம்முறைக்கு ஒரேயொரு இடையூறு நல்லூர்த் திருவிழா. கொடியேறி 25 நாளும் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சொந்தங்கள் வந்துகொண்டேயிருக்கும். மருமக்கள் கையிலே பாண் துண்டு, காலிலே மின்னும் செருப்பு, கடிபட்டால் வானம் அதிரும் குழறல். கைபேசியில் படம் வேறு. அத்தனை மாதப் பயிற்சியும் ஒரு பின்னேரத்தில் போய்விடும். விழா முடியும்வரை தாராவைக் கூட்டில் அடைத்துவிட்டாலென்ன என்று கேட்கலாம். அடைத்துப் பார்த்த வீடுகளில், படலையைத் திறந்ததும் விருந்தினர் கேட்ட முதற்கேள்வி: “அந்தக் கடிக்கிற தாரா எங்கை?”