மூன்று சொட்டு: ஒரு நன்றி விண்ணப்பம்

பெறுநர்:
உயர்திரு வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்
(ஊர்ப் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அடுத்த வருடமும் உங்கள் வாசலுக்குத்தான் வந்தாக வேண்டும்.)

பொருள்: எஃப்.சி. (தகுதிச் சான்றிதழ்) மறுக்கப்பட்டதற்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா,

என் வண்டி டாடா 1613. நாமக்கல்லில் பாடி கட்டியது. எட்டு வயது தாண்டிய லாரி வருடா வருடம் உங்கள் முன்னால் வந்து நின்று, ‘இன்னும் உயிரோடு இருக்கிறேன்’ என்று காட்ட வேண்டும் என்பது விதி. பென்ஷன் வாங்கும் என் மாமனாரும் வருடா வருடம் அதையேதான் செய்கிறார். ஆனால் அவருக்கு யாரும் கறுப்புப் பெயிண்ட் அடிப்பதில்லை.

வண்டிக்கு அடிக்கிறோம். எஃப்.சி. என்றால் என்னடா என்று எங்கள் பட்டறைப் பையனைக் கேட்டால் ‘டிங்கரிங், பெயிண்டிங்’ என்பான். முன்னால் வெள்ளை ஸ்டிக்கர், பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு, சேஸிஸுக்குக் கறுப்பு. பெயிண்டர் கம்ப்ரஸரை முடுக்கி, வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் கறுப்பாக்கினார். அதுவரை ஒரு சொட்டுக்கூட ஒழுகாத வண்டி.

அறுபது கிலோமீட்டர் ஓடி வந்த சூட்டோடு உங்கள் மைதானத்தில் நிறுத்தினேன். மோட்டார் வாகன ஆய்வாளரை நாங்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், தவறு எங்களுடையது. அவர் பிரேக்கைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். கியர் பாக்ஸுக்கு நேர் கீழே மூன்று சொட்டு. ‘ஆயில் லீக்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார். எங்கிருந்துங்க என்று கேட்டேன். “அதக் கண்டுபிடிக்கிறது உங்க வேலைங்க” என்றார். நியாயம்.

கண்டுபிடித்தோம், ஐயா. மெக்கானிக் அண்ணன் சொட்டைத் தொட்டு மோந்தார். என்ஜின் ஆயில் என்றால் கரியேறிக் கறுத்திருக்கும். இது தேன் நிறம், குடலைப் புரட்டும் கந்தக வாடை: கியர் ஆயில்தான். ஆனால் ஓடுகிற வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளிப் பூசிவிடும். ஈரம் ஓரிடம், ஓட்டை வேறிடம். மண்ணெண்ணெயில் கழுவி, வேஸ்ட் போட்டுத் துடைத்து, காயவிட்டு, வீட்டிலிருந்து எடுத்துப்போன குட்டிக்கூரா பவுடரைக் கியர் பாக்ஸ் முழுக்கப் பூசினோம். மணக்க மணக்கப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி வந்து டார்ச் அடித்தால், ஜாயிண்ட் மாட்டுகிற பிளான்ஜ் ஓரம் பவுடரில் நனைந்த கோடு ஒன்று.

பின் சீல். மாற்றினோம். கழற்றிய பழைய சீலின் உதட்டை அண்ணன் விரலால் மடக்கிப் பார்த்தார். ஆயுசு முடிந்த சீல் காய்ந்து விறைத்திருக்கும்; இது இளசாகவே இருந்தது. “நல்ல சீலாட்டத்தான் இருக்குது” என்று முனகிவிட்டு மூலையில் வீசினார். அங்கேயே நின்று யோசித்திருக்கலாம். எஃப்.சி. தேதி தலைக்கு மேல் தொங்கும்போது யார் யோசிக்கிறார்கள்?

புது சீல் இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் முன்பக்கம் ஒழுகி, கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் சொட்டியது. முன் சீல் என்றால் கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். வண்டி சூடு ஆறுவதற்குள் ஆயிலை வடித்துவிடலாம் என்று பையன் ஆயில் ஊற்றுகிற பிளக்கில் ஸ்பானரைப் போட்டுத் தளர்த்தினான். புஸ்ஸ்ஸ்! கோலி சோடா உடைத்த மாதிரி.

அண்ணன் பீடியைக் கீழே போட்டார். கியர் பாக்ஸ் சூடேறினால் உள்ளே காற்று விரியும். அது வெளியேறத்தான் மேல் மூடியில் சின்னக் குமிழ் ஒன்று வைத்திருக்கிறான், பிரீதர் என்பார்கள். அது அடைத்துக்கொண்டால் காற்று நல்ல சீலின் உதட்டையும் பிளந்து எண்ணெயை வெளியே தள்ளும். ஒரு வாயை இறுக்கினால் இன்னொரு வாயைத் தேடும். பையன் மேலே கைவிட்டுத் தடவினான். உங்களுக்காக அடித்த கறுப்புப் பெயிண்டில் பிரீதர் ஓட்டை கெட்டியாக மூடிக் கிடந்தது.

ஒரு குண்டூசி, ஒரு நிமிடம். இரண்டு பக்கமும் ஒழுகல் நின்றது. சீலுக்கும் கூலிக்கும் பில் இருக்கிறது, குண்டூசிக்கு இல்லை. ஆக, உங்கள் சான்றிதழுக்காக ஒழுகாத வண்டியை ஒழுகவைத்து, ஒழுகுகிறது என்று உங்களிடமே எழுதி வாங்கியிருக்கிறேன்.

இடையில் ஒன்று. 2023 ஏப்ரல் முதல் 15 வயது தாண்டிய அரசு வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிப்பதில்லை. உங்கள் அலுவலகத்தின் பழைய ஜீப்பையும் காணோம். அது நின்ற இடத்தில் தாம்பாளம் அளவுக்கு எண்ணெய்க் கறை. ஜீப் ஓய்வு பெற்றும் கறை பணியில் தொடர்கிறது.

இன்று மறுபடியும் வந்தேன். தரையில் ஒரு சொட்டு இல்லை. ஆய்வாளர் குனிந்து டார்ச்கூட அடித்தார், பாராட்டுகிறேன். மண்ணெண்ணெய் பட்டும் சுத்தியல் பட்டும் கியர் பாக்ஸின் பின்பக்கம் வெறும் இரும்பு பளபளத்தது. “இங்க பெயிண்ட் போயிருக்குதுங்களே. டச்சப் பண்ணிட்டு நாளைக்கு வாங்க.”

பெயிண்டர் கம்ப்ரஸரோடு நிற்கிறார். பிரீதர் தலையில் ஒரு பாலித்தீன் பையைக் கட்டிவிட்டு அடிக்கச் சொல்லலாமா, அதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டுமா? சாயங்காலத்துக்குள் தெரிவித்தால் நல்லது. அவருக்கு இன்னும் நாலு வண்டி இருக்கிறதாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பழைய வண்டி ஓனர்